திருநகர் – உசிலம்பட்டி தினசரிப் பயணத்துக்குக் குறைந்த விலை மின்கார் தாங்குமா?

கேள்வி: திருநகர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் திருநகரில் குடியிருக்கிறேன். உசிலம்பட்டியை அடுத்த ஓர் அரசுப் பள்ளியில் பணிபுரிகிறேன். செக்கானூரணி வழியாகப் போய்த் திரும்பினால் நாளொன்றுக்கு 70 கிலோமீட்டருக்குக் குறையாது. இப்போது ஓட்டும் பெட்ரோல் காருக்கு வயதாகிவிட்டது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய காரியம் என்ற நிலையில் இருக்கிறது. மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் பெட்ரோல் பங்க்கிலேயே போய்விடுகிறது.

பத்து லட்சத்தை ஒட்டிய விலையில் ஒரு மின்கார் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. எம்.ஜி. காமெட், டாடா டியாகோ இ.வி. இரண்டையும் பார்த்து வந்தோம். விற்பனையாளர் சொல்லும் தூரத்துக்கும் சித்திரை மாத வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு உண்மையில் கிடைக்கும் தூரத்துக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கும்? வீடு சொந்த வீடு, முன்புறம் போர்டிகோவும் இருக்கிறது. ஆனால் கட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது, வயரிங்கும் அக்காலத்தியது. மின்கட்டணம் எவ்வளவு கூடும் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். வயதான மாமியாரையும் அவ்வப்போது அழைத்துச் செல்ல வேண்டும், குலதெய்வக் கோயில் கம்பம் பக்கம் இருக்கிறது, கோடை விடுமுறையில் கொடைக்கானலும் உண்டு. ஓட்டுகிறவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஊமச்சிகுளத்தான்

வணக்கம் அம்மா. டியாகோ இ.வி.யில் 24 யூனிட் பேட்டரி கொண்ட வகையை மூன்றாவது ஆண்டாக ஓட்டி வருகிறேன். அது வெளிவந்தபோது அறிவிக்கப்பட்ட தூரம் 315 கிலோமீட்டர். அது சோதனைக் கூடத்தில், ஏசி இல்லாமல், குறிப்பிட்ட வேகச் சுழற்சியில் எடுக்கப்பட்ட எண். நம் சாலைகளில் முழு சார்ஜுக்கு 180 முதல் 200 வரை கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிட்டால் ஏமாற்றம் இராது. அதாவது யூனிட்டுக்கு எட்டு கிலோமீட்டர். 19.2 யூனிட் பேட்டரி கொண்ட சிறிய வகைக்கு அப்போது 250 என்று அறிவித்தார்கள். அதில் 140, 150 எதிர்பார்க்கலாம்.

ஏசியைப் பற்றி ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அது தூரத்தைப் பொறுத்து மின்சாரம் குடிப்பதில்லை, நேரத்தைப் பொறுத்துக் குடிக்கிறது. ஆகவே கோரிப்பாளையத்திலோ சிம்மக்கல்லிலோ நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்துகொண்டிருந்தால் அதன் பாதிப்பு கூடுதலாகத் தெரியும். உங்களுடைய தேனி சாலையில் 60, 70 வேகத்தில் சீராகப் போனால் அவ்வளவாகத் தெரியாது. நூறைத் தொட்டு ஓட்டினால்தான் பேட்டரி சதவீதம் கண்ணெதிரே இறங்கும். உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. காலையில் மேற்கே போகிறீர்கள், மாலையில் கிழக்கே திரும்புகிறீர்கள். இரண்டு வேளையும் சூரியன் முதுகுப் பக்கம்தான். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வேலைக்கு வருகிறவர்களைக் கேட்டால் இந்த வரத்தின் அருமையைச் சொல்வார்கள்.

கவனிக்க வேண்டியது பள்ளி வளாகத்தில் நாள் முழுவதும் கார் நிற்கும் இடம். இந்த வகைக் கார்களில் இருப்பது இரும்பு பாஸ்பேட் சேர்ந்த லித்தியம் பேட்டரி. வெப்பத்தைத் தாங்குவதில் மற்றவற்றைவிட இது உறுதியானது. ஆனாலும் நூறு சதவீதம் நிரப்பிய நிலையில் நாற்பது டிகிரி வெயிலில் நாள்தோறும் நிறுத்துவது எந்த லித்தியம் பேட்டரிக்கும் நல்லதன்று. உங்களுடைய 70 கிலோமீட்டருக்கு ஒன்பது யூனிட் போதும். 80 சதவீதம் வரை ஏற்றிக்கொண்டு, ஒரு வேப்ப மரத்தடியாகப் பார்த்து நிறுத்துங்கள். அவ்வப்போது ஒருமுறை மட்டும் மெதுவாக நூறு வரை ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த வகைப் பேட்டரியில் திரையில் காட்டும் சதவீதம் உண்மையிலிருந்து விலகத் தொடங்கும்.

காமெட் நல்ல வண்டிதான். நீளம் மூன்று மீட்டருக்கும் குறைவு. விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போகிறவர்களுக்கு அதைப்போல வசதி வேறில்லை. ஆனால் அதற்குக் கதவு இரண்டுதான். முன் இருக்கையை மடக்கி, உடலை வளைத்துத்தான் பின்னால் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள மாமியாருக்கு அது ஒத்துவராது. 12 அங்குலச் சக்கரத்தோடு, அரசுப் பேருந்தும் மணல் லாரியும் ஒன்றையொன்று முந்தும் சாலையில் தினமும் 70 கிலோமீட்டர் போவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில்: வயர்மேன், பழங்காநத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எந்தக் கார் என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். முப்பது ஆண்டு வயரிங் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

காருடன் தரும் சாதாரண சார்ஜர் 3.3 கிலோவாட். 230 வோல்ட்டில் அது 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உங்கள் வீட்டில் மோட்டாருக்கும் கீசருக்கும் இருக்கிற பெரிய பிளக் பாயிண்ட் அதே அளவுதானே என்று தோன்றலாம். மோட்டார் இருபது நிமிடம் ஓடும், கீசர் பதினைந்து நிமிடத்தில் அணைந்துவிடும். கார் மணிக்கணக்கில் அதே அளவை இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். பிளக்கின் பித்தளைப் பின் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறி, முதலில் பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு உருகும். இப்படிப் பழுப்பேறிய சாக்கெட்டுகளைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஆகவே மீட்டர் பலகையிலிருந்து போர்டிகோவுக்குத் தனி லைன் இழுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், பளு மீறினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்ச் அதற்கென்று தனியாக ஒன்று, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஏ வகை ஆர்.சி.சி.பி., தரமான தொழிலகச் சாக்கெட். இவ்வளவும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இன்வெர்ட்டர் லைனிலும் சேர்க்கக் கூடாது. முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது எர்த். பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்கு இருக்கும், மண்ணுக்குள் அரித்துப் போயிருக்கும். எர்த் சரியில்லை என்றால் காரின் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி மின்சாரம் ஏற்ற மறுத்துவிடும். வண்டி பழுது என்று பலர் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசுவது இதற்காகத்தான். கரியும் உப்பும் போட்டுப் புதிய எர்த் குழி எடுத்துவிடுங்கள். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து போகும்போது அந்தக் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

7.2 கிலோவாட் வேகச் சார்ஜரைச் சுவரில் பொருத்தச் சொல்வார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. 70 கிலோமீட்டர் ஓடிய பேட்டரியை மீண்டும் நிரப்ப 3.3 கிலோவாட் சார்ஜருக்கு மூன்று மணி நேரம் போதும். இரவு பதினொரு மணிக்கு மேல் போட்டால், தெருவெல்லாம் ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கும் நேரமும் தாண்டிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை பகலில்தான் வருகிறது என்பதால் அதுவும் உங்களைப் பாதிக்காது.

பதில்: ஓய்வு பெற்ற கணக்கர், வில்லாபுரம்

ஆளுக்கொரு கணக்கு என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் குழப்பத்துக்குக் காரணம் நம் ஊர்க் கட்டண முறை. யூனிட் இவ்வளவு என்று ஒரே விலை நம்மிடம் இல்லை; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவெடுத்து, படிப்படியாக ஏறும் கட்டணம். மாதச் செலவை வைத்துப் பேசுகிறவர்களும், வெளிமாநிலக் காணொளிகளைப் பார்த்துப் பேசுகிறவர்களும் இங்கேதான் தவறுகிறார்கள்.

மாதம் 24 நாள் வேலை என்றால் இரண்டு மாதத்தில் 3,360 கிலோமீட்டர். யூனிட்டுக்கு எட்டு கிலோமீட்டர் வீதம் 420 யூனிட். சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் ஏறத்தாழ 470. உங்கள் வீட்டின் இப்போதைய பயன்பாடு 350 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறுக்குச் சலுகை விலை. பில் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். கார் வந்தபின் மொத்தம் 820 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டியதும் இரண்டாவது நூறுக்கான சலுகை போய்விடும். அதன்பின் 600 வரை யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், 800 வரை ஒன்பதுக்கு மேல், அதற்கும் மேலே பத்தைத் தாண்டும். பில் ஐயாயிரத்தை ஒட்டிப் போகும். ஆக, காருக்கான செலவு நாலாயிரத்துச் சில்லறை. கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய். அதே தூரத்துக்கு உங்கள் பழைய கார் 210 லிட்டர் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்றாலே 21,000 ரூபாய்.

வித்தியாசம் இரண்டு மாதத்துக்குப் பதினேழாயிரத்தை ஒட்டி, ஆண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டி வருகிறது. 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபின் இரு வகைக் கார்களுக்கும் இடையிலான விலை இடைவெளி கூடிவிட்டது என்பது உண்மை. மின்காருக்கு முன்பும் 5 சதவீதம், இப்போதும் அதுதான். மூன்று லட்சம் இடைவெளி என்றாலும் உங்கள் ஓட்டத்துக்கு மூன்று ஆண்டுகளில் சரியாகிவிடும். ஆனால் அது உங்கள் ஓட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு. எங்கள் வீட்டைப்போல நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் மின்காரில் பணம் மிச்சம் பிடிக்கப் போவதாகச் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. வேறு காரணங்களுக்காக வாங்கிக்கொள்ளலாம்.

மொட்டை மாடியில் இடம் இருந்தால் சூரிய மின்தகடு பற்றியும் யோசியுங்கள். 3 கிலோவாட் அமைப்புக்கு ஒன்றிய அரசு மானியம் 78,000 ரூபாய் இருக்கிறது. மதுரை வெயிலுக்கு அது நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட் அளவில் தரும். பகலில் உற்பத்தியாவது மின்வாரியக் கணக்கில் வரவாகி, இரவில் கார் குடிப்பதை ஈடுகட்டும். மேலே நான் சொன்ன உயர்ந்த படிக்கட்டுகளிலிருந்து உங்கள் பில் இறங்கிவிடும் என்பதுதான் இதில் பெரிய இலாபம்.

பதில்: பைபாஸ் சாலை அடுக்ககவாசி

எல்லோரும் சாதகமாகவே எழுதுகிறார்கள், ஆகவே மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்தம் பொது இடம். என் மீட்டரிலிருந்து அங்கே லைன் இழுக்கச் சங்கத்தில் ஒப்புதல் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதுவரை வெளியே வேகச் சார்ஜ் நிலையங்களை நம்பி ஓட்டினேன். அங்கே யூனிட் விலை வீட்டு விலையைவிட மிகவும் கூடுதல். போகிற நேரத்தில் வேறொருவர் போட்டுக்கொண்டிருப்பார், அல்லது இயந்திரம் இயங்காது. டியாகோவில் 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற ஒரு மணி நேரம் ஆகும். அவர் முடிக்க ஒரு மணி, நாம் முடிக்க ஒரு மணி. சொந்தமாக ராத்திரி சார்ஜ் போட இடமில்லாதவர்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மின்கார் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. ஆசிரியருக்குப் போர்டிகோ இருப்பதால் இது அவரைத் தொடாது.

தொடக்கூடியது வேறொன்று. என் காரில் உள்ளமைந்த சார்ஜர் பகுதி பழுதானபோது, உதிரி பாகம் வர வாரக்கணக்கில் காத்திருந்தேன். சர்வீஸ் நிலையத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. காசு வாங்காமல் உத்தரவாதத்தில் மாற்றித் தந்தார்கள். ஆனால் அத்தனை வாரமும் நான் பேருந்தில்தான் போனேன். பெட்ரோல் கார் என்றால் தெற்குவாசல் பக்கம் எந்த மெக்கானிக்கும் மாலைக்குள் ஓடவைத்துவிடுவார். வீட்டில் இருசக்கர வாகனமாவது ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். பல மின்கார்களில் அதற்குப் பதிலாகப் பஞ்சர் ஒட்டும் கருவியைத்தான் கொடுக்கிறார்கள். அது ஆணி குத்திய ஓட்டையை அடைக்கும், டயரின் பக்கவாட்டுக் கிழிசலை அடைக்காது.

திருநகர் ஆசிரியை

எல்லோருக்கும் மிக்க நன்றி. வில்லாபுரம் ஐயாவின் கணக்கை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர் இப்போது மொட்டை மாடியை அளக்கப் போயிருக்கிறார். காமெட்டை விட்டுவிட்டோம். கம்பம், கொடைக்கானல் பயணங்களைப் பற்றியும், மழைக்காலத்தில் ரயில்வே சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்குவதைப் பற்றியும் யாராவது சொன்னால் முடிவெடுத்துவிடுவோம். பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கவலையும் இருக்கிறது.

பதில்: வத்தலக்குண்டு வாத்தியார்

வணக்கம் தங்கச்சி. நானும் ஆசிரியன்தான், இயற்பியல். ஆகவே கொடைக்கானலைக் கணக்காகவே சொல்கிறேன்.

காரும் ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து 1,400 கிலோ என்று கொள்வோம். அந்த எடையைச் சமவெளியிலிருந்து கொடைக்கானலின் உயரத்துக்கு, ஏறத்தாழ 2,000 மீட்டர், தூக்குவதற்கு மட்டும் ஏழரை யூனிட் வேண்டும். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் ஒன்பதை நெருங்கும். 24 யூனிட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மலையேறவே போய்விடுகிறது. இது தவிர மதுரையிலிருந்து 120 கிலோமீட்டர் ஓடுவதற்கு வேறு 15 யூனிட். ஆக, திருநகரில் நிரப்பிக்கொண்டு ஒரே மூச்சில் கொடைக்கானல் போக முடியாது. மலையடிவாரத்துக்கு முன்னால் ஒருமுறை நிரப்பிக்கொண்டுதான் ஏற வேண்டும். அந்த நேரத்தைச் சாப்பாட்டு நேரமாக வைத்துக்கொள்ளலாம்.

இறங்கும்போது கதை தலைகீழ். பிரேக்கை அழுத்தாமலே மோட்டார் மின்னாக்கியாக மாறி வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பேட்டரிக்கும் மின்சாரம் திரும்பும். ஏறச் செலவிட்டதில் ஒரு பகுதி மீளும். ஆனால் மேலே விடுதியில் நூறு சதவீதம் நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடமிராது. அந்தப் பிடிப்பும் கிடைக்காது, சாதாரண பிரேக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் இது நினைவிருக்க வேண்டிய விஷயம். மேலே 70, 75 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

கம்பத்துக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். ஆண்டிபட்டிக் கணவாய் சிறிய ஏற்றம்தான். ஒரு வழிக்குச் சார்ஜ் தாராளமாகப் போதும், அன்றே திரும்புவதற்குத்தான் இடையில் ஒருமுறை நிரப்ப வேண்டும். புறப்படும் முன் செயலியில் இரண்டு நிலையங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இயங்காவிட்டால் மற்றது. எங்காவது உறவினர் வீட்டில் நல்ல எர்த் உள்ள பெரிய பாயிண்ட் இருந்தால், பூசை முடிந்து பந்தி எழுவதற்குள் ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கானது ஏறியிருக்கும்.

பதில்: ஊமச்சிகுளத்தான்

மழை பற்றி நான் சொல்கிறேன். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பகுதி மூழ்கியதே, அந்த வாரமும் இந்தக் காரைத்தான் ஓட்டினேன். பேட்டரிப் பெட்டி நீர் புகாதபடி அடைக்கப்பட்டது, ஐ.பி. 67 என்ற தரம் அதைத்தான் குறிக்கிறது. சாலையில் கணுக்கால் அளவு தண்ணீருக்கு அஞ்ச வேண்டியதில்லை. அதற்காகச் சுரங்கப்பாதையில் ஆழம் தெரியாத தண்ணீரில் இறக்கிவிடக் கூடாது. பெட்ரோல் காரைப்போல இது எஞ்சினுக்குக் காற்றிழுக்கும் குழாய் வழியே தண்ணீர் குடிக்காது என்றாலும், மிதக்கத் தொடங்கினால் எந்தக் காரும் காகிதக் கப்பல்தான். காப்பீடு எடுக்கும்போது வெள்ளத்தால் பேட்டரிக்கு வரும் சேதமும் சார்ஜரும் அதில் அடங்குகின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. உங்கள் ஓட்டம் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது என்பதால் இரண்டு எல்லையும் ஒரே காலத்தில்தான் வரும். அதாவது உத்தரவாதத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளும் ஓட்டம் உங்களுடையது. அந்தக் கட்டத்தில் பேட்டரி கால் பங்கு தளர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், 24 யூனிட் வகையில் 140 கிலோமீட்டர் ஓடும். உங்கள் தேவையைப்போல இரு மடங்கு. 19.2 யூனிட் வகையில் நூறைச் சற்றுத் தாண்டி நிற்கும். பள்ளி முடிந்து நகருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டிய நாளில் அது மடியில் கனத்தைக் கட்டியதைப்போலத்தான். ஆகவே பெரிய பேட்டரியை எடுங்கள்.

இன்னும் ஒன்று. நிறுத்தி வைத்திருக்கும் காரின் வயர்களை எலி கடிப்பது நம் ஊரில் சாதாரணம். மின்காரில் அந்தச் செலவு பெரிதாக வரும். போர்டிகோவில் நெல் மூட்டையோ தவிட்டு மூட்டையோ இருந்தால் இடம் மாற்றிவிடுங்கள்.

திருநகர் ஆசிரியை

டியாகோவின் பெரிய பேட்டரி வகை என்று முடிவு செய்துவிட்டோம். பழங்காநத்தம் அண்ணனிடம் கடைசியாக ஒரு கேள்வி. தனி லைன் இழுப்பதற்கு மின்வாரிய அலுவலகத்தில் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டுமா? காரை முதலில் எடுத்துவிட்டு லைனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வயர்மேன், பழங்காநத்தம்

லைன்தான் முதலில். கார் வந்து நின்றுவிட்டால், இன்று ஒரு நாள் மட்டும் என்று பழைய சாக்கெட்டில் போடத்தான் தோன்றும்.

உங்கள் மின்கட்டண அட்டையிலோ இணையத்தில் எடுக்கும் பில்லிலோ ஒப்பளிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்று அச்சிட்டிருக்கும். முப்பது ஆண்டுக்கு முன் எடுத்த இணைப்பு என்றால் அது மிகக் குறைவாக இருக்கும். அதன்பிறகு ஏசி வேறு மாட்டியிருப்பீர்கள். இப்போது காருக்கு 3.3 கிலோவாட் கூடுகிறது. மின்பளுவை உயர்த்தித் தரும்படி உங்கள் பிரிவு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், இணையவழியிலும் செய்யலாம். ஒற்றை முனை இணைப்பு போதுமா, மும்முனை வேண்டுமா என்பதைக் கூடுதல் பளுவைப் பார்த்து அவர்களே சொல்வார்கள். சூரிய மின்தகடு போடுவதாக இருந்தால் அந்த விண்ணப்பத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். மீட்டரை இரண்டு முறை மாற்ற வேண்டிய வேலை மிச்சம். லைன் இழுத்து முடிந்ததும், எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று வேலை செய்தவரை மீட்டர் வைத்து உங்கள் கண்முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் அவருக்குக் கூலியைக் கொடுத்துவிட்டுக் காருக்கு முன்பணம் கட்டலாம்.